போன்ல வைஃபை வருது, லேப்டாப்ல மட்டும் வைஃபை பேரே காட்டல. கடையில, உள்ள வைஃபை புடிக்கிற கார்டு போச்சுங்கறாங்க, மாத்தலாமா?

இப்ப மாத்தாதீங்க. முதல்ல போன்ல ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப் அதைப் புடிக்குதான்னு பாருங்க. புடிச்சா கார்டு நல்லாத்தான் இருக்கு. இந்த ஒரு வார்த்தைய எனக்கு ஒருத்தரும் சொல்லல, அதான் எழுதுதேன்.

எனக்கு ஊரு புளியரை, செங்கோட்டை தாண்டி மலையடிவாரம். ஒரு மர அறுவை மில்லுக்கு வீட்டுல இருந்தே பில்லு போட்டுக் குடுக்கேன். ஆரியங்காவு வழியா புனலூர் போற லோடு, 50,000 ரூபாய்க்கு மேலன்னா இ-வே பில், அதான் சரக்குக்கு ஆன்லைன்ல எடுக்குற ஜிஎஸ்டி சீட்டு, இல்லாம வண்டி எல்லை தாண்ட முடியாது. ஆனி மாசம் சாரல் ஆரம்பிச்ச நேரம், லேப்டாப்ல எங்க வீட்டு வைஃபை பேரு காணோம். பக்கத்து வீட்டுது வருது, எதுத்த வீட்டுது வருது, எங்களுது மட்டும் இல்ல. போன்ல பாத்தா கோடு முழுசா நிக்குது. ரெண்டு நாள்ல தானா வரும், மறுபடி போயிரும். டிரைவர் அண்ணன் மழையில வண்டிய ஓரங்கட்டிட்டு "தங்கச்சி பில்லு வந்துட்டா, தங்கச்சி பில்லு வந்துட்டா"ன்னு போன் மேல போன். போன்லயே இ-வே பில் போடலாமேன்னு கேப்பீங்க, போடலாந்தான், ஆனா சரக்கு விவரம் பூரா லேப்டாப்புக்குள்ள கெடக்கே. ஹாட்ஸ்பாட்லயே ஓட்டலாம்னா எங்க வீட்டு வாசல்ல தமிழ்நாட்டு டவரு, கொல்லைப்பக்கம் கேரளா டவரு, மாத்தி மாத்திப் புடிச்சு பாதியில அந்து போவும்.

நெட்டுக்காரங்க "மழைம்மா, அப்படித்தான் இருக்கும்"னாங்க. கடையில தொறந்துகூடப் பாக்கல, கார்டு போச்சு, 1,800 ரூபாய்னாரு. ஹாட்ஸ்பாட் புடிக்குதே அண்ணாச்சி, கார்டு போயிருந்தா அது எப்படிப் புடிக்கும்னு கேட்டேன். "வீட்ல சார் இருந்தா பேசச் சொல்லுங்கம்மா"ன்னுட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கு லேப்டாப் ஆன் பண்ணத் தெரியாது, அவருகிட்ட பத்து நிமிசம் பொறுமையா விளக்குதாரு. கரண்ட் ஆபீஸ், கேஸ் ஏஜென்சி எங்க போனாலும் இதே கதைதான், வேலை பாக்கது நான், பில்லு கட்டுதது நான், பேச மட்டும் சார் வரணும். இதை எழுதும்போதே கை நடுங்குது.

கார்டு மாத்துனேன், அவரு போட்டதும் அதே மாடல் பழைய கார்டு. அன்னைக்கு வந்துச்சு. நாலாம் நாள் போச்சு. அப்பதான் தினசரி காலண்டர்ல குறிச்சு வச்சதைத் திருப்பிப் பாத்தேன், பேரு காணாமப் போன நாளெல்லாம் கரண்ட்டு போயிட்டு வந்த நாளு. வைஃபை எந்த சேனல்ல, அதான் எந்தத் தடத்துல ஓடுதுன்னு காட்டுற ஒரு ஆப் போன்ல போட்டுப் பாத்தா எங்க ரவுட்டர் 13ல நிக்குது. விசயம் என்னன்னா, இந்த லேப்டாப் எங்க அத்தான் அமெரிக்காவுல இருந்து கொண்டாந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ்ங்கற வைஃபை அலைவரிசையில நம்ம நாட்டுல 13 சேனல், அங்க 11 வரைதான் வழக்கம், அதனால அங்கத்து கார்டு பலதுக்கு 12, 13 கண்ணுக்கே தெரியாது. ரவுட்டர் ஆட்டோல இருந்தா கரண்ட்டு வந்து எழும்புறப்பெல்லாம் நெரிசல் இல்லாத சேனலாப் பாத்துப் போய் உக்காந்துக்கிடும். அக்கம்பக்கத்து ரவுட்டர்லாம் 1, 6, 11ல இருக்கவும் இது 13க்குப் போயிருக்கு. மழை வந்தா கரண்ட்டு போவும், அதனால எல்லாரும் மழைமேல பழியப் போட்டாங்க.

ரவுட்டர் அடியில ஒட்டியிருக்க ஸ்டிக்கர்ல ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்தோட முகவரி, பாஸ்வேர்டு இருக்கும், எனக்கு 192.168.1.1. போன்லயே அதைத் தொறந்து சேனல்ங்கற இடத்துல ஆட்டோவை எடுத்துட்டு 6 வச்சேன். அதுக்கப்புறம் ஒரு நாளும் போகல.

எல்லா லேப்டாப்புக்கும் இதான் காரணம்னு நான் சொல்லல, படிச்ச இன்ஜினியர்ங்க சண்டைக்கு வராதீங்க. உங்களுது 2.4 மட்டும் புடிக்கிற பழசா இருந்து, ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸ்ல மட்டும் ஓடுனாலும் இதே மாதிரி பேரு காட்டாது, அங்கயே 2.4ஐ ஆன் பண்ணிப் பாருங்க. ஹாட்ஸ்பாட்டும் புடிக்கலன்னா லேப்டாப்ல வைஃபை கார்டை ஓட்டுற டிரைவர்ங்கற சாஃப்ட்வேரை ஒருக்கா அழிச்சுத் திரும்பப் போட்டுப் பாத்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க. அப்படியே கார்டு மாத்துனாலும் கழட்டுன பழசைக் கையில கேட்டு வாங்கிக்கிடுங்க. நான் வாங்காம வந்துட்டேன், நல்லா ஓடிக்கிட்டு இருந்த கார்டு அது.