வனேடியம் பட்டரி ஆய்வும் உங்கள் மகளின் விசேட பட்டமும்: ஒரு தாய்க்கு எழுதும் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

பேராதனையில் இரண்டாம் ஆண்டு விஞ்ஞானம் படிக்கும் உங்கள் மகள், மூன்று ஆண்டுப் பொதுப் பட்டத்தோடு வெளியே வந்து ஆசிரியர் நியமனத்துக்கு முயலாமல், இரசாயனவியலில் நான்கு ஆண்டு விசேட பட்டம் செய்து, வனேடியம் என்ற உலோகத்தின் கரைசல்களில் மின்னைச் சேமிக்கும் வனேடியம் பாய்வு பட்டரிகளின் செயற்றிறனையும் ஆயுளையும் கூட்டும் ஆய்வில் இறங்க விரும்புவதாக எழுதியிருந்தீர்கள். "தலவாக்கலைப் பக்கம் அப்படி ஒரு கம்பனியே இல்லையே, இந்தப் படிப்பு சோறு போடுமா?" என்று கேட்டிருந்தீர்கள். கொழுந்து பறித்த கூலியில் ஒரு பிள்ளையைப் பல்கலைக்கழகம் வரை கொண்டுவந்த தாய்க்கு இந்தக் கேள்வியைக் கேட்கும் முழு உரிமை உண்டு. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அவரைச் செய்ய விடுங்கள். ஆனால் பட்டரியை நம்பி அல்ல, அதற்குள் இருக்கும் இரசாயனவியலை நம்பி விடுங்கள்.

இதை விளங்கிக்கொள்ள அந்தப் பட்டரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். ஆலோசகராக வருவதற்கு முன் நான் உயர்தர மாணவருக்கு இரசாயனவியல் கற்பித்தவன். அமோனியம் வனேடேற்று என்ற வனேடிய உப்பை அமிலத்தில் கரைத்து, நாகத்தூள் (துத்தநாகத் தூள்) போட்டுக் குடுவையைக் குலுக்கினால், மஞ்சளாக இருந்த கரைசல் பச்சையாகி, நீலமாகி, மறுபடி பச்சையாகி, கடைசியில் ஊதாவாகும். முதலில் வரும் பச்சை, மஞ்சளும் நீலமும் கலந்ததால் வரும் தோற்றம் மட்டுமே. இரண்டாவதாக வரும் பச்சைதான் வனேடியத்தின் உண்மையான ஒரு நிலை. அந்த ஊதாக் கரைசலை நாகத்திலிருந்து வடித்துத் திறந்து வைத்தால், காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டு அது தானாகவே பச்சைக்குத் திரும்பிவிடும்.

பாய்வு பட்டரியில் நடப்பதும் இந்த நிறமாற்றம்தான். இரண்டு தாங்கிகளில் சல்பூரிக் அமிலத்தில் கரைந்த வனேடியம் இருக்கும். மின்னேற்றும்போது ஒரு பக்கம் ஊதாவாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் மாறும், மின்னை எடுக்கும்போது அவை முறையே பச்சையும் நீலமும் ஆகும். பம்பிகள் இரு கரைசல்களையும் ஒரு மென்சவ்வின் இரு புறமும் உள்ள காபன் மின்வாய்களுக்கூடாக ஓட்டுகின்றன. ஒரு கலத்தின் நியம மின்னழுத்தம் ஏறத்தாழ 1.26 வோல்ற்று. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1980களில் மரியா ஸ்கிலஸ்-கசாகோஸ் குழுவினர் இதை உருவாக்கியபோது, இரு பக்கமும் ஒரே உலோகத்தைப் பயன்படுத்தியதுதான் அதன் பெரும் பலம். வனேடியம் சிறிது சிறிதாக மென்சவ்வைக் கடந்து மறுபக்கம் போவதால் கொள்ளளவு குறையும். ஆனால் இரு கரைசல்களையும் ஒன்றாகக் கலந்து மீண்டும் மின்னேற்றினால், அப்படி இழந்ததில் பெரும்பகுதியை மீட்டுவிடலாம். இரு பக்கமும் வெவ்வேறு உலோகங்கள் இருந்திருந்தால் இந்த வழி இருந்திராது.

கலந்து மீட்க முடியாத இழப்புகளும் உண்டு. உங்கள் மகள் எடுக்க நினைக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. குடுவையில் நான் காட்டிய அதே காற்று, தாங்கியின் சிறு கசிவு வழியாகப் புகுந்து ஊதாக் கரைசலைக் கெடுக்கும். மின்னேற்றம் அளவு மீறினால் ஒரு பக்கம் ஐதரசன் வெளியேறும், மறுபக்கம் காபன் தகடே அரிக்கப்படும். மின்வாயாகப் பயன்படும் காபன் கம்பளியைக் காற்றில் சுமார் 400 பாகை செல்சியஸில் சூடாக்கினால் அதன் மேற்பரப்பில் ஒட்சிசன் கூட்டங்கள் உருவாகித் தாக்கம் விரைவாகும். கூடச் சூடாக்கினால் நார் பலவீனமடையும். மெல்லிய மென்சவ்வு மின்தடையைக் குறைக்கும், ஆனால் வனேடியத்தைக் கூடுதலாகக் கடக்க விடும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகின்ற இந்த இடத்தில் பொறுமையாக அளந்து பார்க்கத் தெரிந்தவரே தேவை.

நம் நாட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு கேள்வியும் இதில் இருக்கிறது. சாதாரணக் கரைசல் ஏறத்தாழ 10 முதல் 40 பாகை வரையே நிலையாக இருக்கும். அதற்குக் கீழே போனால் ஊதா, பச்சைப் பக்கத்தில் வீழ்படிவு உண்டாகும், மேலே போனால் மஞ்சள் பக்கத்தில் வனேடியம் ஒட்சைட்டு படியும். தை மாதப் பனியில் கொழுந்து கருகும் நுவரெலியாவின் இரவும், மன்னாரின் மதிய வெயிலும் ஒரே தீவுக்குள் இருக்கின்றன. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வுகூடத்தார் 2011 இல் ஐதரோகுளோரிக் அமிலத்தையும் சேர்த்து அந்த எல்லையை -5 முதல் 50 பாகை வரை விரித்தார்கள். இரு காலநிலைகளையும் கண்ணால் கண்ட மலையகப் பிள்ளை ஒருவர் இந்தக் கேள்வியைக் கையில் எடுப்பதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

இனி, சோற்றுக் கேள்வி. இலங்கையில் இந்தப் பட்டரியைச் செய்யும் தொழிற்சாலையை நம்பி யாரும் படிக்கக் கூடாது. சீனாவின் தாலியன் நகரில் 2022 இல் 100 மெகாவோட் நிலையம் மின்கட்டமைப்போடு இணைந்தது, ஆயினும் உலகில் லிதியம் பட்டரிகளே முன்னணியில் நிற்கின்றன. வனேடியத்தின் விலையும் ஏறி இறங்கும். மறுபுறம், 2030 இல் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவது நம் அரசின் இலக்கு. பகல் வெயிலை இரவுக்குச் சேமிக்க ஏதோ ஒரு வழி வேண்டும், அது எந்தப் பட்டரியாக இருந்தாலும் மின்னிரசாயனம் தெரிந்தவர் வேண்டும். அதே அறிவு நீர்ச் சுத்திகரிப்பு, அரிப்புத் தடுப்பு, மின்முலாமிடல், தர ஆய்வுகூடம் ஆகிய இடங்களிலும் வேலை தரும். கண்டியில் உள்ள தேசிய அடிப்படை ஆய்வுகள் நிறுவகமும், உங்கள் தலவாக்கலையிலேயே இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவகமும் இரசாயனவியலாளரோடு இயங்குபவை. வெளிநாட்டுக் கலாநிதிப் படிப்புகள் பலவற்றில் மாதக் கொடுப்பனவும் உண்டு. நல்ல ஆங்கிலமும் விசேட பட்டமும் இல்லாமல் அந்தக் கதவைத் தட்டுவது கடினம். ஆசிரியர் நியமனத்துக்கான தகுதியும் இந்தப் பட்டத்தால் இல்லாமற் போகாது. நீங்கள் உண்மையில் பணயம் வைப்பது ஓராண்டுச் செலவை.

அந்த ஓராண்டைத் தாங்க முடியுமா என்பதை மட்டும் வீட்டில் அமர்ந்து கணக்குப் பாருங்கள். மகாபொல உதவி தொடருமா, விடுதி கிடைக்குமா என்பதை மகள் பீடத்தில் எழுத்தில் கேட்டு வரட்டும். மேற்பார்வையாளரிடம் அவர் கேட்க வேண்டியவை மூன்று: தன் கையால் கலம் பொருத்தி அளவீடு எடுக்கும் வாய்ப்பு இருக்குமா, எந்தெந்தக் கருவிகளில் பயிற்சி கிடைக்கும், அவரிடம் முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் விசேட பட்டத்தை விடச் சொல்லாதீர்கள். அதே துறையில் வேறு மேற்பார்வையாளரைத் தேடச் சொல்லுங்கள். பதில்கள் கையில் கிடைத்ததும், விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன், மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாருங்கள்.