நீலமான கரைசல் மீண்டும் சிவப்பது ஏன்?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கும் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு வேதியியல் மாணவி நான். எங்கள் வீட்டு போர் தண்ணீரின் கடினத்தன்மையை கால்சியம், மெக்னீசியம் அயனிகளைப் பிணைக்கும் 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசல் கொண்டு அளந்தேன். 20 மி.லி. நீருக்கு 8.4, 8.0, 7.5 மி.லி. என அளவு இறங்கிக்கொண்டே போனது. நீலம் வந்த பிறகும் சற்று நேரத்தில் சிவப்பு திரும்புகிறது. நேரம் மிச்சமாகுமே என்று மூன்று குடுவைகளிலும் தாங்கல் கரைசலை முன்னதாகவே ஊற்றி வைத்திருந்தேன். தவறு எங்கே?

பதில்: முன்னதாக ஊற்றி வைத்ததில்தான். அம்மோனியா, அம்மோனியம் குளோரைடு கலந்த தாங்கல் கரைசல் நீரின் பி.எச். மதிப்பை 10 அளவுக்கு உயர்த்துகிறது. எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி சிவப்பிலிருந்து நீலமாகத் தெளிவாக நிறம் மாற அது தேவையே. ஆனால் அந்த நிலையில், நீரிலுள்ள பைகார்பனேட் கார்பனேட்டாக மாறி, கால்சியத்தின் ஒரு பகுதியைக் கால்சியம் கார்பனேட் என்ற திண்மமாக வீழ்படியச் செய்கிறது. உங்கள் வீட்டுக் குழாய் வாயில் படியும் வெள்ளைக் கறையும் பெரும்பாலும் இதுதான். குடுவையிலோ அது கண்ணில் படாத அளவுக்கு நுண்ணியதாக இருக்கலாம். வீழ்படிந்த கால்சியத்தை ஈ.டி.டி.ஏ. உடனே பிணைப்பதில்லை என்பதால், அதிக நேரம் காத்திருந்த குடுவையில் அளவு குறைகிறது. பின்னர் வீழ்படிவு மெல்லக் கரையக் கரைய, வெளிவரும் அயனிகள் நிறங்காட்டியோடு சேர்ந்து சிவப்பை மீட்டுவிடுகின்றன.

அடுத்த முறை, பிப்பெட்டில் எடுத்த நீரில் நீல லிட்மஸ் சிவக்கும் வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, இரண்டு நிமிடம் தெறிக்காமல் கொதிக்க வைத்து, கார்பன் டை ஆக்சைடு வெளியேறிய பின் நன்கு ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது தாங்கல் கரைசலை ஊற்றினால் அம்மோனியா ஆவியாகிவிடும். ஒவ்வொரு குடுவைக்கும் அதன் முறை வரும்போது மட்டும் அதை ஊற்றி, ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். நிறம் ஊதாவாகத் தொடங்கியதும் ஒவ்வொரு ஈ.டி.டி.ஏ. சொட்டுக்கும் இடையே சில நொடிகள் குலுக்குங்கள். சிவப்புச் சாயல் முழுதும் நீங்கும் சொட்டே முடிவு நிலை.

0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. 1 மி.லி., 1 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். எனவே 8.4 மி.லி. என்பது லிட்டருக்கு 420 மில்லிகிராம். உண்மை அளவு இன்னும் கூடுதலாகவே இருக்கலாம். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு 200, மாற்று நீர் இல்லாதபோது 600. மூன்று அளவுகளின் சராசரியை மட்டும் எழுதிவிடாதீர்கள், 0.1 மி.லி.க்குள் ஒத்துவரும் இரண்டு அளவுகள் கிடைக்கும் வரை மீண்டும் செய்யுங்கள்.