ஆன்லைன் ரம்மிக்கு அடிமையான என் அண்ணன் வீடியோ கவுன்சிலிங்குக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார். வீட்டிலிருந்து யாராவது கூட உட்கார வேண்டுமா?

உட்காரலாம். ஆனால் அது அண்ணியாகத்தான் இருக்க வேண்டும் என்று நீங்களாக முடிவு கட்டிவிடாதீர்கள். என்னோடு உட்கார்ந்தவர் என் மாமனார்.

உங்கள் அண்ணன் "சரி" என்று சொல்லிவிட்டு முதல் நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். நான் மூன்று முறை தள்ளிப்போட்டவன்.

சேலத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். முதலாளி பணத்துக்குப் பைசா பிசகாமல் கணக்கு வைப்பவன் சொந்தப் பணத்தை ரம்மியில் விட்டானா என்று சிரிக்கலாம். எங்கள் சொந்தத்தில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். கொரோனா ஊரடங்கில் ஐம்பது ரூபாயில் ஆரம்பித்தது. விட்டதைப் பிடிக்கிறேன் பிடிக்கிறேன் என்று போய், 2024 தீபாவளிக்கு முன்பே மனைவியின் ஆரம் அடகுக்கடையில் இருந்தது. பேங்க் லாக்கரில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள அவள் கேட்டாள். அன்று ராத்திரியே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மாபேட்டையில் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பெரியவர்கள் பேசியபோது அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: "கவுன்சிலிங் போகட்டும். எங்கப்பா பக்கத்துல உட்காரட்டும். நான் உட்கார்ந்தா அடிச்சிருவேன்."

ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி. மாமா வீட்டுக் கூடத்தில் செல்போனைச் சொம்பில் சாய்த்து வைப்போம். அவர் சலவைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, போட்டோ ஸ்டுடியோவில் உட்கார்கிற மாதிரி உட்காருவார். திரையில் வரும் ஆலோசகர் "நான் டாக்டர் இல்லைங்க" என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு அந்த அம்மா டாக்டரம்மாதான். உண்மையைச் சொல்கிறேன், முதல் நாள் நான் அந்த அழைப்பை எடுத்ததே மாமா சட்டை போட்டுக்கொண்டு காத்திருந்ததால்தான். தனியாக இருந்திருந்தால் சிக்னல் இல்லை என்று ஒரு மெசேஜ் போட்டிருப்பேன்.

இது என் ஒருவன் கதை, ஆராய்ச்சி இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்களுக்காக: ஸ்வீடனில் சூதாட்டப் பிரச்சினை உள்ள 136 பேரை, ஆளுக்கொரு நெருங்கிய உறவோடு சேர்த்துக்கொண்டு இணையவழி சிகிச்சை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 2020இல் வெளிவந்தது. ஒரு பாதிப்பேருக்கு அந்த உறவும் சேர்ந்து சிகிச்சை, மறுபாதிக்கு ஆடியவருக்கு மட்டும். சூதாட்டம் குறைந்ததில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் உறவும் சேர்ந்திருந்த பக்கத்தில் சிகிச்சையைத் தொடங்கியவர்கள் அதிகம். அதனால் நீங்கள் கூட உட்கார்ந்தால் அண்ணன் குணமாகிவிடுவார் என்று நான் சொல்லவில்லை. முதல் நாள் அவரும் உட்கார வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் அந்த அம்மா மாமாவைக் கேட்டார்: "இவர் ஆடுறார்னு சந்தேகம் வந்தா நீங்க என்ன செய்வீங்க?" மாமா பெருமையாகச் சொன்னார், "மாப்ள தூங்கினதும் போனை எடுத்துப் பார்த்துருவேங்க." "பார்த்து?" "எனக்குத் தூக்கம் போயிருதுங்க." நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே, லாட்டரி பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். தினம் பஸ் ஸ்டாண்டில் ஐந்து சீட்டு. 2003இல் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்த பிறகும் விடவில்லை, திருட்டுத்தனமாக மூணு நம்பர் சீட்டு எழுதுகிறவனைத் தேடிப் போயிருக்கிறார். "வீட்டுல யாருக்கும் தெரியாதுங்க டாக்டரம்மா." சமையலறையிலிருந்து அத்தை குரல் வந்தது: "எனக்குத் தெரியும்."

அதற்கு அடுத்த வாரம்தான் நான் உண்மையான தொகையைச் சொன்னேன். அதுவரை எல்லோரிடமும் இரண்டு லட்சம் என்றே சொல்லியிருந்தேன். நாலே முக்கால் லட்சம்.

மாமா அப்போதே ஒரு தறியை விற்று அடைத்துவிடலாம் என்றார். அந்த அம்மா வேண்டாம் என்றார். கடனை வேறு ஒருவர் அடைத்துவிட்டால் ஆடுகிறவன் கைக்குத் திரும்பவும் காசு வந்துவிடும் என்பது அவர் கட்சி. அவர் சொன்ன ஏற்பாடு இதுதான்: கடன் பட்டியல் என் கையெழுத்தில், சம்பளம் மனைவி கணக்கில், தவணை என் சம்பளத்திலிருந்து. வாரம் ஒரு நாள் கால் மணி நேரம் மட்டும் பணப்பேச்சு, மற்ற நாளில் யாரும் குத்திக்காட்டக் கூடாது. ஆடாமல் இருந்த நாளை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாமாவுக்குக் கடைசி விஷயம் வரவே இல்லை. மாப்பிள்ளையை எப்படிப் பாராட்டுவது? மொட்டையாக "இந்த வாரம் பரவால்லீங்க மாப்ள" என்பார். இரண்டு நாள் தறி விஷயத்தில் கோபமாகவும் இருந்தார்.

பேசி முடித்ததும் இருவரும் தட்டுவடை செட் சாப்பிடப் போவோம். அதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி. அவ்வளவுதான் சேலத்துச் செட். இப்போது மயோனைஸும் சீஸும் வைத்து விற்கிறார்கள். கேட்டால் பசங்க கேக்குறாங்க அண்ணா என்கிறார்கள். எந்தப் பசங்க? சரி, விடுங்கள்.

2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கே தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டதே, இனி கவுன்சிலிங் எதற்கு என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். மூணு நம்பர் சீட்டைப் பற்றி மேலே எழுதியிருக்கிறேன்.

நானும் ஒரு தடவை வழுக்கினேன். ஐபிஎல் நேரத்தில் ஆலை நண்பனிடம் ஐந்நூறு ரூபாய் வாங்கிப் பந்தயம் கட்டிவிட்டேன். பணப்பேச்சு நாளில் சொன்னேன். மாமா ரொம்ப நேரம் விட்டத்தைப் பார்த்தார். அப்புறம், "ஞாயித்துக்கிழமை டாக்டரம்மாகிட்டயும் சொல்லிருங்க" என்றார். மனைவி இப்போது வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆரம் இன்னும் வரவில்லை.

ஆகவே, யார் உட்காருவது என்பதை அண்ணனிடமே கேளுங்கள். கூட இருப்பவருக்கு எது தெரியலாம், எது தெரியக்கூடாது என்று ஆலோசகர் அவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளட்டும், என்னிடம் அப்படித்தான் கேட்டார். அண்ணன் இன்னும் இழுத்தடித்தால், அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416. இலவசம்தான், தமிழில் பேசுவார்கள். அவர் பேசாவிட்டாலும் நீங்கள் கூப்பிடலாம்.