மீத்தேனில் ஒளிந்திருக்கும் மூன்று அச்சுகள்

கேள்வி: மீத்தேனில் ஒவ்வொரு கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பின் வழியாகவும் ஒரு சி3 அச்சு (மூலக்கூறை அதைச் சுற்றி 120 பாகை திருப்பினால் முன்போலவே தெரியும் கோடு) போவது புரிகிறது. 180 பாகை திருப்பினால் அப்படித் தெரியும் மூன்று சி2 அச்சுகளும் உண்டு என்கிறார்கள். எவ்வளவு வரைந்தாலும் அகப்படவில்லை. எங்கே தேடுவது?
- இளநிலை வேதியியல் மாணவி

பதில்: தாளில் தேடாதீர்கள். மீத்தேனை ஒரு ஹைட்ரஜன் மேலே, மூன்று கீழே என்று முக்காலி போல வரைந்தே பழகிவிட்டோம். அந்தக் கோணத்தில் சி3தான் கண்ணில் படும். அச்சு பிணைப்பின் மேல்தான் போக வேண்டும் என்ற விதியும் கிடையாது; இரண்டு பிணைப்புகளுக்கு நடுவே வெற்றிடத்திலும் போகலாம்.

ஊறவைத்த கொண்டைக்கடலை ஐந்து, ஒரே அளவு ஈர்க்குச்சித் துண்டுகள் நான்கு எடுத்து மாதிரி செய்யுங்கள்: நடுக்கடலை கார்பன், மற்ற நான்கும் ஹைட்ரஜன், குச்சிகள் பிணைப்புகள். என் மாணவர்களுக்கு எந்தப் படமும் இதைப்போலப் புரியவைத்ததில்லை. இரண்டு ஹைட்ரஜன் மேலே, இரண்டு கீழே இருக்குமாறு பிடித்து, நேர் மேலிருந்து பாருங்கள். பெருக்கல் குறி தெரியும்: ஒரு கோடு மேல் இணை, அதை வெட்டும் கோடு கீழ் இணை. மேல் கடலை ஒன்றில் மைப்புள்ளி வைத்து 180 பாகை திருப்புங்கள். புள்ளி எதிர்ப்பக்கம் போய்விடும். மற்றபடி எந்த மாற்றமும் தெரியாது. நீங்கள் தேடிய சி2 அதுதான். கார்பனையும் இரு ஹைட்ரஜன்களின் நடுப்புள்ளியையும் தொட்டுச் செல்கிறது.

90 பாகை மட்டும் திருப்பினால்? மேலிருந்து அதே பெருக்கல் குறிதான். ஆனால் மேல் இணை இருந்த திசையில் இப்போது கீழ் இணை இருக்கிறது. ஆகவே அது சி4 (90 பாகை அச்சு) அல்ல. பலர் தவறுவது இங்கேதான். திருப்பியபின் கிடைமட்டத் தளத்தில் பிரதிபலித்தால் பழைய வடிவம் வந்துவிடும். அதனால் அதே கோடு எஸ்4 அச்சும் ஆகிறது.

ஏன் மூன்று? ஒரு கனசதுரத்தின் நடுவில் கார்பனையும், ஒன்றுவிட்ட நான்கு மூலைகளில் ஹைட்ரஜனையும் வையுங்கள். எதிரெதிர் முகங்கள் மூன்று ஜோடி; ஒவ்வொரு ஜோடியின் மையங்களையும் இணைக்கும் கோடு ஒரு சி2. கனசதுரத்தின் நடுவழியே செல்லும் மூலைவிட்டங்கள் நான்கும் சி3.

இனி இரண்டு ஹைட்ரஜன் கடலைகளுக்குப் பதில் குளோரினாகப் பச்சைப் பட்டாணி செருகுங்கள்: டைகுளோரோமீத்தேன். சி3 அனைத்தும் போய், ஒரே ஒரு சி2 எஞ்சும். மூன்று பட்டாணி வைத்தால் குளோரோஃபார்ம். அதில் சி2 ஒன்றும் இல்லை, சி3 ஒன்று மட்டுமே.