சுருதி ஏறுவது வேறு, ஒலி வெடிப்பது வேறு

கேள்வி: நாதசுரப் பயிற்சிக்கான செயலி ஒன்றை சி மொழியில், போர்ட்ஆடியோ என்ற ஒலி நூலகத்தைக் கொண்டு எழுதி வருகிறேன். இரண்டு கட்டைச் சுருதியில், 44,100 சாம்பிள் வீதத்தில் (நொடிக்கு அத்தனை ஒலி அளவெண்கள்) பதிந்த ஆலாபனை என் விண்டோஸ் மடிக்கணினியில் ஒழுங்காக ஒலிக்கிறது. மதுரையிலுள்ள பயிற்சிப் பள்ளியின் லினக்ஸ் கணினியிலோ சுருதி ஏறிவிடுகிறது. இடையிடையே படபடவென்று வெடிக்கவும் செய்கிறது. ஒலிச் சாதனத்தின் இயல்பு வீதத்தையே ஸ்ட்ரீமுக்கு (ஒலி செல்லும் தடத்துக்கு) கொடுத்துள்ளேன். கோப்பைக் கால்பேக்குக்குள் (ஒலி தேவைப்படும்போதெல்லாம் நூலகம் அழைக்கும் செயற்கூறு) படிக்கிறேன். பஃபரை (ஒலி எண்களைத் தற்காலிகமாகத் தேக்கும் இடம்) பெரிதாக்கியும் சுருதி இறங்கவில்லை.
வாசகர், திருமங்கலம்

பதில்: இவை தனித்தனிப் பிழைகள், ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதற்குப் பலிக்காது.

பள்ளிக் கணினியின் இயல்பு வீதம் 48,000 ஆக இருந்தால், நொடிக்கு 44,100 என்று பதிந்த எண்களை அது 48,000 என்ற வேகத்தில் எடுத்துக்கொள்ளும். போர்ட்ஆடியோ தானாக வீதத்தை மாற்றித் தருவதில்லை. விளைவாகச் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை உயர்ந்து, இரண்டு கட்டை ஆலாபனை இரண்டே முக்காலை ஒட்டிக் கேட்கும். பத்து நிமிடப் பதிவு 9 நிமிடம் 11 நொடியில் முடிகிறதா என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். முடிந்தால் காரணம் இதுவேதான். கோப்பின் தலைப்பிலுள்ள வீதத்தைப் படித்து, சாதனம் அதை ஏற்குமா என்று நூலகத்திடமே கேட்டு, அந்த வீதத்திலேயே ஸ்ட்ரீமைத் திறக்க வேண்டும். சாதனம் மறுத்தால் லிப்சாம்பிள்ரேட் போன்ற நூலகம் ஒன்றால் வீதத்தை மாற்றிக்கொள்ளலாம். பயிற்சிச் செயலியில் இதை விட்டுவைக்கவே கூடாது. கற்பவரின் காது தவறான சுருதியில் பழகிவிடும்.

வெடிப்புக்குக் காரணம் நேரப் பற்றாக்குறை. 256 பிரேம் (ஒரே கணத்துக்குரிய சாம்பிள்களின் தொகுதி) கொண்ட பஃபருக்கு 48,000 வீதத்தில் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 5.3 மில்லி நொடிதான். அதற்குள் கால்பேக் நிரப்பித் தராவிட்டால் ஒலி அறுபடும். வட்டிலிருந்து படிப்பது, மெமரி ஒதுக்குவது, லாக்குக்கு (பொதுத் தரவைக் காக்கும் பூட்டுக்கு) காத்திருப்பது, திரையில் அச்சிடுவது ஆகியவை எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எவராலும் உறுதி கூற முடியாது என்பதால், இவற்றில் எதுவும் கால்பேக்குக்குள் வரலாகாது. கோப்பை வேறொரு த்ரெட் (இணையாக ஓடும் செயல்தொடர்) படித்து ரிங் பஃபரில் (வட்டமாகச் சுற்றிப் பயன்படும் தேக்கத்தில்) இடட்டும். கால்பேக் அதிலிருந்து எடுத்துக் கொடுப்பதோடு நிற்கட்டும். ஒலி அறுபட்டதை நூலகம் கால்பேக்கின் நிலைக் கொடியில் தெரிவிக்கும். அங்கே ஓர் எண்ணிக்கையை மட்டும் கூட்டி, முதன்மை த்ரெட்டில் அச்சிட்டுப் பாருங்கள்.

இம்மாற்றங்களுக்கு முன், கோப்பை ஒதுக்கிவிட்டு 440 ஹெர்ட்ஸ் சைன் அலையைக் கால்பேக்கிலேயே கணக்கிட்டு ஒலிக்கவிடுங்கள். அதிலும் வெடித்தால் கோப்புப் படிப்பின் மேல் பழி இல்லை; பஃபர் அளவைத்தான் கூட்ட வேண்டும்.