பெருச்சாளிக்குப் பொறியில் என்ன வைத்தால் மாட்டும்?

பொறி வைத்து மூன்று வாரமாகியும் மாட்டவில்லை, எந்த இரை நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாகக் கடையில் சின்ன எலிக்கூண்டு வாங்கி, மசால்வடையைக் கொக்கியில் குத்தி, கொல்லைக்கு நடுவில் வைத்திருப்பீர்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சிப் பக்கம். துவைக்கிற கல்லுக்கு அடியில் வளை. காலையில் பார்த்தால் ஒரு கூடை மண் வெளியே கிடக்கும். வடையை மட்டும் தின்றுவிட்டுப் போய்விடும். வாலோடு சேர்த்தால் இரண்டடியை நெருங்குகிற பிராணி, சின்னக் கூண்டில் பாதி உடம்பு வெளியில் நின்றால் கதவு எப்படி விழும்? பட்டறையில் சொல்லிப் பெரிய கம்பிவலைக் கூண்டு செய்து வாங்கினேன்.

முதல் ராத்திரி கருவாடு வைத்தேன். விடிகாலையில் உள்ளே பக்கத்து வீட்டு ஆச்சியின் பூனை. "எய்யா, வாயில்லாச் சீவனையா அடைச்சு வச்சிருக்க?" என்று ஆச்சி தெருவுக்கே கேட்கக் கத்தினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்குத் தயிர் உறைக்குக்கூட வருவதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னால், அங்கே ரக்கூன் என்கிற பிராணியைப் பிடிக்க மீனுக்குப் பதில் மார்ஷ்மெல்லோ மிட்டாய் வைப்பார்களாம், பூனை அதைச் சீண்டாது என்று சிரித்தான். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சரி, தேங்காய்க்கு மாறினேன். ஒரு சில்லை நெருப்பில் லேசாகக் கருக விட்டு, பிடுங்க முடியாதபடி கொக்கியில் கம்பியால் இறுக்கிக் கட்டினேன்.

உண்மையில் இரையைவிட இடமும் பொறுமையும்தான் முக்கியம். பெருச்சாளி திறந்தவெளியில் ஓடாது, சுவரை ஒட்டித்தான் போகும். அதனால் கூண்டைச் சுவரோடு ஒட்டி, வாய் அது வருகிற பக்கம் பார்க்கும்படி வைத்துச் சாக்கால் மூடினேன். புதுப் பொருளைக் கண்டாலே அதற்குச் சந்தேகம். மூன்று ராத்திரி கதவு விழாமல் கட்டிவிட்டு, தேங்காயைத் தின்ன விட்டேன். நாலாம் ராத்திரி கட்டை அவிழ்த்தேன். பன்றி மாதிரி உறுமல், பத்தரை மணிக்கே மாட்டிக்கொண்டது.

அதை என்ன செய்தேன் என்று பின்னூட்டத்தில் கேட்காதீர்கள். கொன்றேன் என்றால் பாவம் என்பீர்கள், வயல்பக்கம் விட்டேன் என்றால் விவசாயிகள் அடிக்க வருவார்கள். கீரியோ மரநாயோ மாட்டினால் மட்டும் உடனே திறந்து விடுங்கள், இரண்டும் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறவை. கூண்டைக் கழுவும்போது கையுறை போடுங்கள், எலி, பெருச்சாளி மூத்திரத்தின் வழியாக எலிக்காய்ச்சல் வரும். மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசை பக்கமே போகவேண்டாம். குழந்தை தொட்டு வாயில் வைத்துவிட்டால் முறிவு மருந்து கிடையாது.

இவ்வளவும் செய்து என்ன? தெருவில் சாக்கடை மூடி உடைந்து இரண்டு வருடம் ஆகிறது. மூன்று மனு கொடுத்தாயிற்று. ஒருவர் வந்து போட்டோ எடுத்துவிட்டுப் போனார். அந்த ஓட்டை வழியாகத்தான் நேற்று ஒரு குட்டி எட்டிப் பார்த்தது. கூண்டை மறுபடி சுவரோரம் வைத்திருக்கிறேன், கதவு இன்னும் கட்டித்தான் இருக்கிறது.