பல்கனிக் கண்ணாடி தானாக வெடிக்குமா?

கேள்வி: ரொறன்ரோ நகர மத்தியில் 2010இல் கட்டி முடித்த கொண்டோ ஒன்றில், 23ஆவது மாடியில் மகன் வீடு பார்த்து வைத்திருக்கிறான். அந்தக் காலத்துக் கட்டிடங்களில் பல்கனிக் கண்ணாடி வெடித்துத் தெருவில் விழுந்தது என்று மருமகள் பயப்படுகிறாள். யாரும் கல் எறியாமல் கண்ணாடி எப்படி உடையும்? வாங்கலாமா?
— ஒரு அம்மா, ஸ்காபரோ

பதில்: மருமகள் சொல்வது உண்மைதான் அம்மா. 2011 கோடையில் பே வீதிப் பக்கம் கண்ணாடி விழுந்து நடைபாதையை மறித்து வைத்திருந்தார்கள். நான் இருந்த கட்டிடத்திலும் ஒரு ஆவணி மாதக் காலையில் இதே கதை நடந்தது. கீழே இறங்கினால் வாசலில் பச்சை நிறத்தில் கற்கண்டு கொட்டினமாதிரிக் கிடக்கிறது, காவலாளி தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு கட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தேன், உள்ளங்கை அளவு, நாற்பது ஐம்பது துண்டுகள் பிரியாமல் ஒட்டியபடியே இருந்தன. சின்னச் சின்னத் துண்டாகத்தானே உடையும், ஆபத்தில்லை என்று சொல்பவர்களுக்கு அந்தக் கட்டியைக் காட்டியிருக்க வேண்டும். கார் ஜன்னலுக்கு அது சரி, 23ஆவது மாடிக்குச் சரிவராது.

காரணம் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பல்கனிகளில் போட்டது ரெம்பர்ட், அதாவது சூட்டில் பலப்படுத்திய கண்ணாடி. அதை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றை ஊதிச் சட்டென்று குளிர வைப்பார்கள், அதனால் வெளிப்பக்கம் இறுகிவிடும், நடுப்பகுதி எப்போதும் இழுபட்டபடியே இருக்கும், அதன் பலமே அதுதான். ஆனால் தயாரிக்கும்போது நிக்கல் சல்பைட் என்ற பொடிக்கல் ஒன்று உள்ளே சிக்கிவிட்டால் வந்தது வினை. உப்புக்கல்லை விடச் சின்னது, கண்ணுக்கே தெரியாது. சட்டென்று குளிர்ந்ததால் சூட்டு நிலையிலேயே மாட்டிக்கொண்ட அந்தக் கல், வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மாறி 2 முதல் 4 சதவீதம் வரை வீங்கும். இழுபடும் நடுப்பகுதியில் இருந்தால் ஒருநாள் முழுக் கண்ணாடியும் போய்விடும், காற்றும் வேண்டாம் கல்லும் வேண்டாம். உடைந்த கண்ணாடி சட்டத்தில் நின்றால், உடைப்பு தொடங்கிய இடத்தில் வண்ணாத்திப்பூச்சிச் சிறகு மாதிரி இரண்டு துண்டு தெரியும், இந்த வேலை செய்பவர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

இப்படிக் கண்ணாடி விழுந்த பிறகுதான் ஒன்ராறியோ கட்டிட விதியை மாற்றி 2012 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தளத்தின் விளிம்பிலோ அதற்கு வெளியிலோ நிற்கும் கண்ணாடி லமினேற்றட் ஆக இருக்க வேண்டும், அதாவது இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பிளாஸ்ரிக் படலம், உடைந்தாலும் தொங்கிக்கொண்டு நிற்கும். உள்ளே தள்ளிப் பொருத்தும் இடங்களில் ரெம்பர்ட் போடலாம், ஆனால் 290 டிகிரி அளவில் மறுபடி சூட்டில் வைத்து, உடையக்கூடியதைத் தொழிற்சாலையிலேயே உடைய விட்ட பிறகுதான். இங்கே பலர் கோட்டைவிடுவது ஒன்று உண்டு: கட்டி முடித்த ஆண்டைப் பார்க்காதீர்கள், கட்டிட அனுமதிக்கு விண்ணப்பித்த திகதியைப் பாருங்கள். 2014இல் குடிபோன கட்டிடம்கூடப் பழைய விதியில் கட்டியதாக இருக்கலாம்.

உங்கள் மகன் பார்த்தது நிச்சயம் பழைய விதி. அதற்காக விட்டுவிடச் சொல்லமாட்டேன், பல கட்டிடங்களில் பிறகு கண்ணாடியை மாற்றிவிட்டார்கள். கண்ணாடி மூலையில் எந்த வகை என்று சொல்லும் முத்திரை சின்னதாக இருக்கும், ஒரு படம் எடுத்து நிர்வாகத்திடம் காட்டி மாற்றியதா என்று கேளுங்கள். கொண்டோ நிர்வாகம் தரும் நிலைச் சான்றிதழ், அதாவது ஸ்ரேற்றஸ் சேர்ட்டிபிக்கேற் 100 டொலர், 10 நாளில் தர வேண்டும், அதில் வழக்கு ஏதும் நடக்கிறதா, கட்டிடத்தின் சேமிப்பு நிதியில் காசு இருக்கிறதா என்று வழக்கறிஞர் பார்க்கட்டும். மாற்றவும் இல்லை, நிதியும் இல்லை என்றால் அந்தச் செலவு மகன் தலையில்தான் விழும். அப்படியென்றால் நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: பனிக்காலத்தில் பல்கனிக் கதவுப் பக்கம் தரையில் கால் வைக்க முடியவில்லை, கண்ணாடியில் தண்ணீர் வடிகிறது. கதவு பழுதா?
— வாடகைக்கு இருப்பவர், மிசிசாகா

பதில்: கதவை விடுங்கள், தளத்தைப் பாருங்கள். நீங்கள் நிற்கும் கொன்கிறீட் தளம்தான் அப்படியே வெளியே நீண்டு பல்கனியாகிறது. வீட்டுச் சூட்டை அது வெளியே கடத்திக்கொண்டே இருக்கும். நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் துண்டு வைத்துக் கட்டலாம், செலவென்று பலர் வைப்பதில்லை. உங்களால் முடிந்தது ஒரு தடித்த கம்பளம்.

தண்ணீருக்கு, புட்டு அவிக்கும்போது அடுப்பு மின்விசிறியைப் போடுங்கள், திரையைத் தரைவரை இழுத்துவிடாமல் கொஞ்சம் தூக்கி வையுங்கள், சூட்டுக்காற்று கண்ணாடியில் பட வேண்டும். ஆனால் இரண்டு கண்ணாடிக்கும் இடையில் நீராவி படிந்தால் அது ஓரத்து அடைப்பு போனது, துடைத்துப் பயனில்லை. வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

கேள்வி: பேரனுக்கு மூன்று வயது. எங்கள் பல்கனிக் கண்ணாடி என் நெஞ்சுக்குக் கிட்டத்தான் வருகிறது, உயரம் போதுமா? அதை ஒட்டிக் கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருக்கிறேன்.
— ஒரு தாத்தா, மார்க்கம்

பதில்: விதிப்படி 1070 மில்லிமீற்றர், அதாவது 42 அங்குலம், உங்களுடையது அதுவாகத்தான் இருக்கும். அதே விதி, 140 முதல் 900 மில்லிமீற்றர் உயரத்துக்குள் ஏறக் கால் வைக்க எதுவும் இருக்கக்கூடாது என்றும் சொல்கிறது, அதனால்தான் வழவழவென்று கண்ணாடி போடுகிறார்கள். நீங்களே ஒரு படி வைத்துக் கொடுத்திருக்கிறீர்கள் ஐயா. கறிவேப்பிலை எப்படியும் ஐப்பசிக் குளிருக்கு உள்ளே வரத்தானே வேண்டும், இன்றைக்கே தூக்கி வந்துவிடுங்கள், கதிரையையும் சேர்த்து.